ஷ்ரேயா நேராக்கிய வரிகள்

திங்கள்

கோபத்தில் எழுதினால் வரிசை தப்பிவிடும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். நந்தனத்தில் மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கிறேன். பேராசிரியர் பலகையில் எதையோ வரைந்துகொண்டிருக்கிறார். என் காதில் எதுவும் விழவில்லை.

என் வேலை ஈக்காட்டுத்தாங்கலில். லிஃப்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி. பெட்டிக்குள் எங்கள் சொந்த இயங்குதளம் ஓடுகிறது. அதில் எல்லா வேலைகளையும் மேய்க்கும் நடுப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். யாராவது லிஃப்டில் பொத்தானை அழுத்தினால், கதவு திறந்தால், எடை கூடினால், ஒவ்வொன்றுக்கும் கர்னல் கொஞ்சம் நினைவகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த இடத்தை அவர் திருப்பித் தரும்வரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அந்தப் பட்டுவாடாவைச் செய்ய ஒரு கோப்பு இருக்கிறது. அது விதிப்படி நடக்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு.

போன வாரம் நான் எழுதிய சோதனை இப்படி. இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் இடம் கேட்கும். கிடைத்த இடத்தில் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை எழுதி வைக்கும். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்து, அங்கே தன் அடையாளமேதான் இருக்கிறதா என்று பார்க்கும். இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் திரை சிவப்பு. ஒரு வேலை எழுதிய இடத்தில் இன்னொன்றின் அடையாளம் உட்கார்ந்திருந்தது. அதாவது ஒரே இடத்தை கர்னல் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறது.

என் சோதனையில்தான் தப்பு என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் முதலில் அப்படித்தான் தோன்றும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவன் நான். அதனால் சோதனையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். சிவப்பு. ஒரே ஒரு வேலையை மட்டும் ஓட விட்டேன். பச்சை. மறுபடி இரண்டு. சிவப்பு. சோதனை ஓடிய மின்சுற்றுப் போர்டில் கோளாறாக இருக்கலாம் என்று வன்பொருள் பிரிவில் இருக்கும் அன்வர் பாஷாவிடம் போய் வேறு போர்டு கேட்டேன்.

“இன்னா மிக்கேலு, என் போர்டு மேலயே சந்தேகமா? அல்லாம் தங்கம்பா. நீ வேணா ஒரசிப் பாரு.”

“ஒரு தபா மாத்திப் பாக்கறேன் பாய். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.”

“அது தெரிஞ்ச கதைதான்,” என்று சிரித்துக்கொண்டே புதுப் போர்டைக் கையில் கொடுத்தார்.

புதுப் போர்டிலும் சிவப்பு. அதற்கு அப்புறம்தான் அறிக்கையில் ஏற்றினேன். எங்கள் பெட்டிகளை வாங்கும் லிஃப்ட் கம்பெனிக்காரர்களும் அந்த அறிக்கையைப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டார்கள். யார் செய்த தவறு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை கூட்டம். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் கோடு என்று சொல்லும் நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று கணினி காட்டும். ஒரு சோதனை சிவப்பானால் அந்தக் கோப்பைப் பெரிய திரையில் போட்டு, வரிகளுக்குப் பக்கத்தில் பெயர்களையும் போடுவார்கள். எங்கள் குழுத் தலைவர் சூர்யா கொண்டுவந்த பழக்கம் இது. யாரையும் மச்சி என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு வேலை இருந்தாலும் என்னை வகுப்புக்கு நேரத்தில் அனுப்பிவிடுவார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

“நம்ம ரூல் தெரியும்ல? பேரு யாருதோ, பஞ்சாயத்து அவங்களுது,” என்று சொல்லிக்கொண்டே திரையைப் போட்டார்.

மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். ஷ்ரேயா. ஷ்ரேயா. ஷ்ரேயா. பக்கத்தைத் தள்ளத் தள்ள அதே பெயர்.

ஷ்ரேயா எனக்கு எதிர் மேஜை. மயிலாப்பூர்ப் பெண். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இந்த வெள்ளிக்கிழமையோடு பயிற்சிக் காலம் முடிகிறது. அவளுக்குக் கோணல் என்றால் ஆகாது. என் மேஜையில் பேனா சாய்ந்து கிடந்தால்கூட எழுந்து வந்து நேராக வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கோப்பில் ஒரு வரி நான்கு இடம் தள்ளித் தொடங்கும், அடுத்தது ஏழு இடம் தள்ளி, அதற்கடுத்தது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு. சூர்யாவே ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, “பாக்கவே அசிங்கமா கீது, கொஞ்சம் தலை சீவி வுடு,” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எல்லோரும் இருந்தோம். அவள் ஒவ்வொரு வரியாக முன்னே இருந்த வெற்றிடத்தைச் சரி செய்தாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. வெற்றிடத்தைத் தொட்டாலும் தொட்டதுதான் என்று கணினி கணக்கு வைத்துக்கொண்டது.

அந்தக் கோப்பை முதன்முதலில் எழுதியது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சூர்யா.

கம்பெனி முதலாளி சுப்பராமன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். “ஏம்மா, இது நீ பண்ணதா?”

“சார், நான் ஸ்பேஸ் மட்டும்தான் சரி பண்ணினேன். கோடு எதுவும்...”

“கோடைத் தொட்டிருக்காங்க சார்,” என்றார் சூர்யா, ரொம்ப மெதுவாக, அவளுக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி. “மெமரி ஃபைல் அது. தொட்டா முழுசா டெஸ்ட் பண்ணிட்டுத் தொடணும். பாவம், தெரியல அவங்களுக்கு.”

சார் தலையாட்டினார். அன்வர் பாய் தன் செல்போனைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை அத்தனை பேரும் விழுங்கினோம். ஷ்ரேயா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்திடம் வரும்போது நான் நிமிரவில்லை.

பேராசிரியர் பலகையை அழிக்கிறார். நான் ஒரு வரிகூடக் குறிப்பெடுக்கவில்லை.

செவ்வாய்

சூர்யாவிடம் பேசிவிட்டேன். ஆபீசுக்கு எதிரே டீக்கடையில். என்ன சொல்ல வேண்டும் என்று காலையில் குளிக்கும்போதே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வரிசை போய்விட்டது.

“ணா, அது ஷ்ரேயா தப்பு இல்லணா.”

“தெரியும் மச்சி.”

மறுப்பார் என்றுதான் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

“தெரிஞ்சுமா?”

“நீ சின்னப் பையன். பார்ட்டி ஒரு பேரு கேக்கறான். பேரு குடுத்தா அவன் அடங்கிடுவான். என் பேரைக் குடுத்தா இன்னா ஆகும்? கர்னல் எழுதினவனே தப்பு பண்ணிட்டான்னா, கர்னல் மேலயே நம்பிக்கை பூடும். ஆர்டர் பூடும். ஆபீசே பூடும். அந்தப் பொண்ணுக்கு வயசு கீது, வேற எடம் கெடைக்கும்.” டீயை உறிஞ்சினார். “நான் அவளுக்கு நல்ல லெட்டர் குடுக்கறேன். போதுமா?”

“அப்போ அந்தக் கோளாறை யாரு சரி பண்றது?”

“அதுல கை வெச்சா மொத்தத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து டெஸ்ட் பண்ணணும். டெலிவரி தள்ளிப்பூடும். அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். நீ கிளாசுக்கு டைமுக்குப் போறியா? போ. அதைப் பாரு.”

கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது மிரட்டலா, அக்கறையா என்று மத்தியானம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். மிரட்டல்தான். அக்கறையாக இருந்தால் இவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியிருக்காது.

கோப்பை மேலிருந்து கீழே படித்தேன். குறை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. கர்னல் முதலில் காலி இடத்தைத் தேடுகிறது. அப்புறம் அளவைக் கணக்குப் போடுகிறது. அதற்கப்புறம்தான் ‘இது ஆளுள்ள இடம்’ என்று குறிக்கிறது. தேடுவதற்கும் குறிப்பதற்கும் நடுவில் இன்னொரு வேலை குறுக்கே புகுந்து இடம் கேட்டால், அதற்கும் அதே இடம் காலியாகத்தான் தெரியும். எப்போதோ ஒரு முறைதான் அப்படிப் பொருந்தும். பொருந்தும்போது இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதுவார்கள், பெட்டி உறைந்துபோகும், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்கள் அதன் பின் கையால் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஆலந்தூரில் மெட்ரோ மாறும்போது ஷ்ரேயா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் நந்தனத்தில் இறங்குவேன், அவள் தேனாம்பேட்டையில். வழக்கமாகச் சேர்ந்துதான் போவோம். நேற்று நான் முன்பெட்டிக்குப் போய் ஏறிக்கொண்டேன்.

“என்னைப் பார்த்து ஓடிண்டிருக்கியா?”

“இல்ல...”

“சரி, ஓடு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அந்த டெஸ்ட்ட எடுத்துடு.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். “டெஸ்ட்டுல தப்பு இருந்துதுன்னு ஒரு மெயில் போடு. டெஸ்ட் தப்புன்னா ஃபெயிலும் தப்பு. ஃபெயில் இல்லேன்னா என் பேரும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும். அப்பறம் திருப்பிப் போட்டுக்கோ.”

“டெஸ்ட் சரியாத்தான் கீது, ஷ்ரேயா.”

“சரின்னு எனக்கும் தெரியும்! நீ எழுதினதை நான் படிச்சேன்.” பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைக் குறைத்துக்கொண்டாள். “என் மொத கம்பெனியை மூடிட்டா. இது ரெண்டாவது. இங்கேயும் அனுப்பிட்டான்னா மூணாவது எடத்துல என்னை உள்ளேயே விடமாட்டா. ஆத்துல இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை நான். நீ டெஸ்ட் தப்புன்னு சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது. புதுசு, கத்துண்டிருக்கான்னு விட்டுடுவா. எல்லாரும் உடனே நம்பிடுவா.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. உண்மையாக இருந்ததால். எல்லோரும் உடனே நம்புவார்கள். ஒரு வாரம் முன்பு என்றால் நானே நம்பியிருப்பேன். என் தப்பு என்று சொல்வதைப் போல எனக்குச் சுலபமான வேலை இந்த உலகத்தில் இல்லை.

“லிஃப்ட்ல எவனாவது மாட்டிக்கினா?” என்றேன்.

“நான் இப்பவே மாட்டிண்டிருக்கேனே. எனக்குக் கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்கா?”

வண்டி வந்தது. நந்தனத்தில் இறங்கும்போது முடியாது என்று சொன்னேன். அவள், “தெரியும், போ,” என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம். அவளுக்கு என் மேல் கோபம். அந்த இரண்டையும் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் இந்நேரம் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

புதன்

இன்று சூர்யா செய்ததையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் அவர் அந்தக் கோப்பை ஷ்ரேயா தொடுவதற்கு முன்பிருந்த நிலைக்கே திருப்பிப் போட்டார். அதாவது கோணல் வரிகள் எல்லாம் மறுபடி கோணலாகின. வேறு ஒன்றும் இல்லை. வெற்றிடங்களைத் திருப்பிக் கொண்டுவந்ததைத்தான் திருத்தம் என்று பெயரிட்டு ஏற்றினார். பிறகு என் சோதனையை ஒரு டீ குடிக்கும் நேரம் ஓடவிட்டார். எப்போதோ ஒரு முறை வருகிற பிழை அதற்குள் வருமா? பச்சை.

“பாத்தியா மச்சி? பச்சை,” என்று என் தோளில் தட்டினார்.

லிஃப்ட் கம்பெனிக்கு அவர் அனுப்பிய பதிலின் நகல் எனக்கும் வந்தது. தவறான மாற்றம் திரும்பப் பெறப்பட்டது, சோதனை வெற்றி, மாற்றத்தைச் செய்தவர் பணியில் தொடரமாட்டார். இரண்டு பொய்கள், ஒரு தண்டனை, நல்ல இலக்கணத்தில்.

ஷ்ரேயாவும் அதைப் படித்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து, தன் மேஜையில் இருந்த பொருட்களைப் பெரியது சிறியது என்று அடுக்கத் தொடங்கினாள். பைக்குள் வைக்க வசதியாக.

நான் செய்தது இவ்வளவுதான். எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அன்வர் பாயிடம் போனேன்.

“பாய், ரெண்டு போர்டு வோணும். காலை வரைக்கும்.”

“ரெண்டா? இன்னாத்துக்கு?”

“ஒண்ணுல ஷ்ரேயா சீவுனது. இன்னொண்ணுல சீவாதது. ரெண்டுலயும் அதே டெஸ்ட்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நேற்று முன்தினம் கூட்டத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். “சூர்யாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லல.”

“நைனா, எனக்கு ஒண்ணும் தெரியாது. போர்டு அலமாரியில கீது. சாவி அலமாரியிலேயே கீது. நான் வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “மேல் தட்டுல இருக்கறதை எடு. அதான் புதுசு.”

இரண்டையும் ஓடவிட்டுவிட்டு வகுப்புக்கு வந்தேன். என் சந்தேகம் இப்போது வேறு மாதிரி. சீவாத போர்டு பச்சையாகவே இருந்துவிட்டால்? அப்படியானால் சூர்யா சொன்னது சரி, ஷ்ரேயா ஏதோ ஒரு எழுத்தைத் தெரியாமல் தட்டியிருக்கிறாள், நான் மூன்று நாளாக ஒரு நல்ல மனிதரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு எழுத்து வித்தியாசமில்லை. இருந்தாலும் மனம் தெருமுனையிலிருந்து திரும்பித் திரும்பி அடுப்பைப் பார்க்கிறது.

வியாழன்

இரண்டும் சிவப்பு.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பாரம் இறங்கி அதே இடத்தில் இன்னொன்று ஏறியது போல இருந்தது. சூர்யா வருவதற்குள் இரண்டு முடிவுகளையும் அறிக்கையில் ஏற்றினேன். கீழே ஒரு வரி: ஷ்ரேயாவின் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் இதே பிழை. சுப்பராமன் சாருக்கும் நேரடியாக ஒரு மின்னஞ்சல். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதை எத்தனை முறை படித்தேன் என்று எழுதினால் சிரிப்பு வரும்.

சார் நாளை கூட்டம் என்றார். சூர்யா நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, என் பக்கம் திரும்பாமல், “கிளாஸ்ல நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க போல,” என்றார்.

வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. நந்தனம் ஸ்டேஷன் வாசலில் படியோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டத்தில் மறுபடி அதே திரை. இப்போது கோப்பு பழைய நிலைக்குத் திரும்பியிருந்ததால் பக்கத்தில் பெயர்களும் திரும்பியிருந்தன. சூர்யா. சூர்யா. சூர்யா. நானே எதிர்பார்க்கவில்லை. அவர் தன் கையாலேயே தன் பெயரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் சோதனையை விளக்கினேன். தேடுவதற்கும் குறிப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் காட்டினேன். கடைசிவரை சொல்லி முடித்துவிட்டேன். சுப்பராமன் சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சூர்யாவைப் பார்த்தார். நான் எதற்குக் காத்திருந்தேனோ தெரியவில்லை. இடி விழும் என்றா?

“அப்போ இது ஆரம்பத்துலேர்ந்தே இருக்கறது சார்,” என்றார் சூர்யா. அவர் முகத்தில் நிம்மதி. நிஜமான நிம்மதி. “இத்தனை பெட்டி போயிருக்கு, ஒரு கம்ப்ளெயின்ட் வரல. புதுசா யாரும் எதையும் ஒடைக்கல. பழைய சின்னக் குறைன்னு பார்ட்டிக்கு எழுதிடலாம். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்.”

“பழைய விஷயமா?” சாரும் மூச்சு விட்டார். “அப்ப பயப்பட ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. ஏம்மா ஷ்ரேயா, உன் பேர்ல ஒண்ணும் இல்லையாம். உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் இன்னிக்கே போட்டுடறேன். சந்தோஷமா?”

ஷ்ரேயா, “தேங்க்ஸ் சார்,” என்றாள். குரலில் நன்றி இல்லை.

திங்கட்கிழமை ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்த பிழை. பக்கத்தில் இருந்த பெயர் மாறியதும் பழைய சின்னக் குறையாகிவிட்டது. பிழை அதேதான். ஒரு எழுத்து மாறவில்லை. லிஃப்டும் அதே லிஃப்ட்தான்.

“அந்த டெஸ்ட்டை ஸ்கிப்புல போட்டுடு மிக்கேல்,” என்றார் சூர்யா. கூட்டம் முடிந்தது.

ஸ்கிப்பில் போடுவது என்றால், சோதனை இருக்கும், ஆனால் ஓடாது. சிவப்பும் வராது பச்சையும் வராது. அதற்கு ஒரு வரி எழுத வேண்டும்: என்ன காரணத்துக்காக, யார் சொல்லித் தவிர்க்கிறோம் என்று. நான் அதை எழுதவில்லை. சாயங்காலம்வரை மற்ற வேலைகளைச் செய்தேன். எல்லோரும் கிளம்பும் நேரத்தில் சூர்யா தன் இடத்திலிருந்து கத்தினார்.

“இன்னும் போடலியா?”

எழுந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “நான் போட மாட்டேன்ணா. நீங்க போடுங்க. உங்க லாகின்ல, உங்க பேர்ல.”

“இன்னா மச்சி, சீன் போடறியா? கிளாசுக்கு டைம் ஆச்சு, கெளம்பு.”

“நீங்க போட்டதும் போறேன்.”

அவர் என்னை முழுதாகப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு விசைப்பலகையை இழுத்து, காரணத்தை வேகமாகத் தட்டினார். பழைய குறை, பாதிப்பு குறைவு. பெயர் என்ற இடத்தில் என் பெயரைத் தட்டினார்.

“அத்த அழிங்கணா.”

“டெஸ்ட் உன்னுது தானே?”

“டெஸ்ட் என்னுது. ஓட்ட வேணாம்னு சொல்றது நீங்க.”

அழித்தார். ‘குழு’ என்று தட்டினார்.

“குழுவுல நானும் கீறேன். ஷ்ரேயாவும் கீறா. அன்வர் பாயும் கீறாரு. எங்க யாரையும் நீங்க கேக்கல.”

“அய்யோ, என்னை வுட்டுரு நைனா,” என்றார் அன்வர் பாய், பையை மாட்டிக்கொண்டு. ஆனால் போகவில்லை. கதவருகே சாய்ந்து நின்றுகொண்டார்.

சூர்யாவின் கை விசைகளின் மேல் நின்றது. பெயர் இடம் காலியாக இருந்தது, அதில் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கையை லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் படிப்பார்கள். நாளை ஏதாவது ஆனால் அந்த வரிதான் முதலில் திரையில் வரும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இவர் நினைத்தால் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை, வகுப்புக் கட்டணமும் இல்லை. ஆனாலும் நகர வேண்டும் என்று தோன்றவில்லை.

ஷ்ரேயா அந்தப் பக்கமாக வந்தாள். தோளில் பை, கையில் அந்த நிரந்தரக் கடிதம் உள்ள உறை.

“ஷ்ரேயா, நீயாச்சும் இவன்கிட்ட சொல்லு,” என்றார் சூர்யா. “உன் மேட்டர்தான் முடிஞ்சுபோச்சுல்ல? இன்னும் இன்னாத்துக்கு இந்த அலம்பல்?”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். காலியாக இருந்த பெயர் இடத்தையும், விசைகளின் மேல் நின்ற அவர் விரல்களையும் பார்த்தாள்.

“என் பேரைப் போடறச்சே நீங்க இவ்ளோ நேரம் யோசிக்கலையே, சூர்யா.”

சூர்யா விரல்களை விசைகளிலிருந்து எடுத்தார்.

“யோசிங்கோ,” என்றாள். “நான் கெளம்பறேன்.”

“இரு. அந்த ஃபைல் உனக்குத்தானே வரி வரியாத் தெரியும். வந்து உக்காரு, சேர்ந்து பாத்துடலாம்,” என்றார் சூர்யா.

“நான் ஸ்பேஸ் மட்டும்தான் பார்த்தேன். கோடு உங்களுது.” அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் அவளுக்கு இல்லை. திங்கட்கிழமை நான் குனிந்திருந்ததை அவள் மறந்திருக்கமாட்டாள்.

சூர்யா எழுதிய வரியை முழுதாக அழித்தார். நினைவகக் கோப்பைத் திறந்தார்.

“எந்த எடம் சொன்ன?” திரும்பாமலே கேட்டார்.

காட்டினேன். தேடும் வரிக்கு முன்னால் ஒரு பூட்டு, நடுவில் வேறு வேலை எதுவும் புகாதபடி. குறிக்கும் வரிக்குப் பின்னால் ஒரு திறப்பு. இடம் கிடைக்காமல் பாதியில் திரும்புகிற பாதையிலும் ஒரு திறப்பு. மூன்று வரிகள். அவர் அவற்றைத் தட்டி முடிக்கும்வரை அன்வர் பாய் கதவருகே நின்றிருந்தார். அவர் தோளில் போட்ட பையைக் கீழே இறக்கவே இல்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

என் சோதனையை ஓடவிட்டார். நாளைக் காலைக்குள் பச்சையா சிவப்பா என்று தெரியும். மொத்தத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும், டெலிவரி தள்ளிப்போகும், சாரிடம் அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

“இப்ப சந்தோஷமா, மச்சி?”

“இல்லணா,” என்றேன்.

அது சரியான பதில்தானா என்று வழியெல்லாம் யோசித்தேன். சரிதான். திங்கட்கிழமை காலையில் அவர் இந்த மூன்று வரிகளை எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு டீ ஆறும் நேரம் போதும். அதற்குப் பதிலாக, ஒரு பெண்ணை மேஜையைக் காலி செய்ய வைத்தார், என் சோதனையைத் தப்பென்று சொல்லச் சொல்லி அவளை என்னிடம் கெஞ்ச வைத்தார். மூன்று வரிகள். ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். வகுப்பு பாதி முடிந்திருக்கும். இன்னும் கோபம் அடங்கவில்லை.